மாடி ரயிலும் நீட்டிய நாக்கும்

1

இந்தக் கதை எனக்கு விழுந்த ஓர் அடியில் பிறந்தது. கையால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பல் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள் ரயிலுக்குள் மாடிப்படி ஏறி வந்து, "மன்னிச்சுக்குங்க, ஒரு நிமிஷம்" என்று மரியாதையாக ஆரம்பித்து, பதினோரு வருடமாக நான் கட்டிக் காத்த கௌரவத்தைத் தரைமட்டமாக்கிவிட்டுப் போனார். எழுதியாவது ஆற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தேன். முதல் வரி இப்படி வந்தது:

"நீகாட்டா சமவெளியின் நெல்வயல்கள்மீது மாலைச் சூரியன் தன் பொற்கரங்களை—"

(வேண்டாம். நான் பாத்திரக் கடைக்காரன். சூரியனுக்குக் கை இருந்தால் எனக்கென்ன, கால் இருந்தால் எனக்கென்ன?)

இரண்டாவது முயற்சி:

"ஜப்பானில் இரண்டடுக்கு அதிவேக ரயில் 1994ஆம் ஆண்டு அறிமுகமானபோது—"

(இப்படி ஆரம்பித்தால் நீங்கள் அடுத்த ஸ்டேஷனிலேயே இறங்கிவிடுவீர்கள். ஆனால் இந்தச் சங்கதி இல்லாமல் கதை நகராது. ஆகவே பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த பகுதியைப் படித்துவிடுங்கள். சின்னதுதான்.)

2

அந்த ரயிலின் பெயர் மேக்ஸ். டோக்கியோவுக்கு வேலைக்குப் போகிற கூட்டம் நின்றுகொண்டே நசுங்கியதால், ரயிலுக்கு மேலே இன்னொரு ரயிலை வைத்த மாதிரி மாடி கட்டினார்கள். இரண்டு வண்டிகளைக் கோத்து ஓட்டினால் ஆயிரத்து அறுநூறு பேருக்கு மேல் உட்காரலாம். ஒரு கல்யாண மண்டபமே எழுந்து ஓடுகிற மாதிரி. முகம் கொழுத்து, மூக்கு நீண்டு, அழகு என்று சொல்ல மனசாட்சி இடம் தராது. தேநீர் வண்டி மாடி ஏறுவதற்கென்று குட்டி லிஃப்ட் வேறு. எனக்கு அந்த லிஃப்டைப் பார்த்தாலே சிரிப்பு வரும்.

மாடியில் உட்கார்ந்தால் வயல், மலை, வானம் எல்லாம் நம்முடையது. கீழ்த்தளத்தில் உட்கார்ந்தால் வழி நெடுகச் சுவர். ஸ்டேஷன் வந்தால் ஜன்னலுக்கு நேரே பிளாட்பாரத் தரை. மனிதர்களுக்குத் தலையே கிடையாது. செருப்பு, ஷூ, பெட்டிச் சக்கரம், முழங்கால், அவ்வளவுதான்.

நான் எப்போதும் மாடி. இது கதைக்கு முக்கியம். கொஞ்சம் என் குணத்துக்கும் சம்பந்தம் உண்டு.

3

டோக்கியோவில் கப்பாபாஷித் தெருவில் எனக்குப் பாத்திரக் கடை. வியாழக்கிழமைதோறும் கத்தியும் கரண்டியும் வாங்க ட்சுபமே-சான்ஜோ போவேன். உலோக வேலைக்குப் பேர்போன ஊர் அது. அங்கே இகராஷி என்றொரு பட்டறைக்காரர். (பெயரை மாற்றிவிட்டேன். அந்த ஊரில் கல்லை விட்டெறிந்தால் ஓர் இகராஷிமேல்தான் விழும், ஆகவே பயமில்லை.) குள்ளமானவர், கறாரானவர். நானும் கறார். மதியம் முழுக்க ஒரு கரண்டியின் விலைக்காக மல்லுக்கட்டுவோம்.

சாயங்காலம் அவர் ஸ்டேஷனுக்கு வந்து வழியனுப்புவார். வந்த விருந்தாளி உட்கார்ந்த ஜன்னலுக்கு நேரே நின்று, ரயில் புறப்படும்போது இடுப்பை மடித்துக் குனிந்து, வண்டி மறையும்வரை நிமிராமல் இருப்பது இங்கே வியாபார மரியாதை. நான் மாடியிலிருந்து லேசாகத் தலையை ஆட்டி, கோயில் யானைபோல அதை ஏற்றுக்கொள்வேன்.

ஒரு கட்டத்தில் அந்த வணக்கம் நீண்டது. முன்பு ரயில் நகரும்போதுதான் குனிவார். பிறகு நான் உட்கார்ந்த உடனேயே குனிய ஆரம்பித்தார். பிறகு இரண்டு முறை. வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் சொன்னேன்: "பாத்தியா, நம்ம மரியாதை எங்கேயோ போயிட்டிருக்கு." மகிழ்ச்சியில் அவர் கேட்ட விலையைக்கூட ஒரு தரம் கொடுத்துத் தொலைத்தேன்.

4

2021 செப்டம்பர். தொற்றுக் காலம் பாதி ஓய்ந்து, நான் மறுபடி ட்சுபமே-சான்ஜோ போக ஆரம்பித்த சமயம். இகராஷி குனிந்தார், ரயில் கிளம்பியது. அடுத்த ஸ்டேஷன் நகவோகா, பத்து நிமிடம். அப்போதுதான் அந்த அம்மாள் மாடியேறி வந்தார். நல்ல உயரம். தலை கூரையில் இடிக்காமல் இருக்கக் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு நின்றார். பெயர் தமாயோ. நீகாட்டாவில் பல் ஆஸ்பத்திரி வேலை, நகவோகாவில் வீடு, தினமும் இதே ரயில், கீழ்த்தளம்.

"அவர் குனியறது உங்களுக்குத்தானே சார்?"

"ஆமா, எனக்குத்தான்" என்றேன். பெருமையை மறைக்கவில்லை.

"உங்க ஜன்னலுக்கு நேர் கீழ்தான் என் சீட்டு. அவர் குனிஞ்சா உங்களுக்கு உச்சந்தலை தெரியும். எனக்கு முகம் தெரியும்."

"சரி?"

"மூணு வருஷம் முன்னாடி ஒரு நாள், குனிஞ்ச முகத்துல நாக்கை நீட்டிக்கிட்டு இருந்தார் சார். முழு நாக்கு. கண்ணை உருட்டி, மூக்கைச் சுளிச்சு, அப்பப்பா! உங்களுக்குத்தான்னு நினைக்கிறேன்."

(இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். அச்சில் ஏறக்கூடிய வரி இல்லை அது.)

குனிந்த முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். இந்த நாட்டில் ஒருவருக்கு முழுச் சுதந்திரம் உள்ள இடம் அது ஒன்றுதான். இகராஷி பண்ணிய ஒரே தப்பு, ரயிலுக்குக் கீழ்வீடும் உண்டு என்பதை மறந்தது.

"நான் சோற்றுருண்டையைக் கடிச்சிட்டிருந்தேன். வாய் அப்படியே நின்னுடுச்சு. அவர் என்னைப் பாத்துட்டார். நாக்கு படக்குன்னு உள்ள போச்சு. காது வரைக்கும் சிவந்துட்டார் பாவம்."

"பாவமா? அவரா பாவம்?"

"நாக்கு ரொம்ப சுத்தமா இருந்தது சார்" என்றார் தமாயோ, தொழில்முறையில்.

5

இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது, கதைக்காரன் என்ற முறையில். இகராஷி நாக்கு நீட்டுகிற ஆளே இல்லை. ஒரு பிரதியில் அதைக் கொட்டாவியாக மாற்றிப் பார்த்தேன். கொஞ்சம் கண்ணியமாக இருந்தது. அடுத்த வியாழன் தமாயோவிடம் வாசித்தும் காட்டினேன்.

"கொட்டாவியா? தினம் முப்பது வாயைப் பாக்குறவ நான். கொட்டாவிக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாதா? உங்க மானத்துக்காக என் கதையைக் கெடுக்காதீங்க."

நாக்கு திரும்ப வந்துவிட்டது. இனி அவர் சொன்னபடியே.

அடுத்த வாரம் இகராஷி இரண்டு முறை குனிந்தார். முதல் முறை எனக்கு, இரண்டாவது தமாயோவிடம் மன்னிப்புக் கேட்டு. வணக்கம் வந்தால் பதில் வணக்கம் போட வேண்டுமே? உட்கார்ந்தபடி குனிந்த தமாயோவின் நெற்றி கண்ணாடியில் டொக்கென்று மோதியது. இகராஷிக்குச் சிரிப்பு. ஆனால் குனிந்த இடத்தில் உடம்பு குலுங்கக் கூடாது, மேலே நான் இருக்கிறேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு முகம் மட்டும் சிரித்ததாம்.

(எனக்கு மரியாதை கூடிக்கொண்டே போனதாக நான் நினைத்த காலம் இதுதான். வாசகரே, சிரித்தது போதும்.)

பிறகு முகக்கவசம் வந்தது. வாய் மறைந்தது. ஆனாலும் சில நாள் இகராஷியின் கவசத் துணி நடுவில் லேசாகத் துருத்தும், அதைப் பார்த்து தமாயோ ரயிலுக்குள் தனியாகச் சிரிப்பார். அப்புறம் ஊர் அடங்கியது. நான் போவதை நிறுத்திவிட்டேன்.

"நீங்க வரலை. மாடி காலி. சரி, இனி அவரும் வர மாட்டார்னு நினைச்சேன்" என்றார் தமாயோ. "வியாழக்கிழமை வந்தது. அதே ஷூ வந்து ஜன்னல் முன்னாடி நின்னுச்சு. வழியனுப்ப ஆளே இல்ல சார். காலி மாடியைப் பாத்து அவர் அப்படியே குனிஞ்சார்."

ஒன்றரை வருடமாக, அங்கே இல்லாத எனக்கு வணக்கம் நடந்திருக்கிறது. அதில் பாதி வருடம் ஒரு புயலின் தயவு. மேக்ஸுக்கு வேகம் போதவில்லை என்று மார்ச்சிலேயே ஓய்வு கொடுப்பதாக இருந்தார்கள். அதற்கு முன்பு வந்த ஒரு புயல் வெள்ளத்தில், இடத்தைப் பிடிக்க வேண்டிய புது ரயில்கள் முங்கிப்போய்விட்டன. கிழவனுக்குக் கொஞ்சம் அவகாசம். அதுவும் இந்த மாதத்தோடு சரி.

"இறங்கிப் பேசியிருக்கலாமே?" என்றேன்.

"நான் எவ்வளவு உயரம்னு பாத்தீங்கல்ல? பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் நான் எழுந்து நின்ன நிமிஷத்துல டீயைக் குடிச்சிட்டுப் போயிட்டாங்க. இவர் என்னைக் குனிஞ்சு மட்டும்தான் பாத்திருக்கார். நான் அவருக்குக் கீழே இருக்கிற பொம்பளை. எழுந்து நின்னா?"

"புது ரயில்ல?"

"அதுல மாடி இல்ல. ஜன்னல் மேல இருக்கும். அவர் குனிஞ்சா எனக்கும் உச்சந்தலைதான்." பிறகு கேட்டார்: "அவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சா சார்?"

எனக்குத் தெரியவில்லை. அவருடைய கரண்டியின் எடை தெரியும், கத்தியின் முனை தெரியும், இது தெரியாது.

"பதினோரு வருஷமா என்னதான் பேசினீங்க?" என்றார் தமாயோ.

6

கடைசி வியாழன் மதியம் பட்டறையில் கேட்டே விட்டேன்.

"இகராஷி-சான், உங்களுக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?" (சான் என்றால் நம்மூர் 'சார்' மாதிரி.)

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "எதுக்கு? குடும்பம் இல்லாதவனுக்குச் செலவு கம்மி, விலையைக் குறைன்னு சொல்லவா?"

"ஐயோ, சும்மா கேட்டேன்யா."

"நீங்க சும்மா ஒண்ணும் கேக்க மாட்டீங்க கதிர்-சான். ஆகலை. விலையும் குறையாது."

"உங்களைவிட உயரமான பொண்ணுன்னா?"

"என்னைவிட எல்லாருமே உயரம்தான்" என்றார். பிறகு சட்டென்று என்னைப் பார்த்தார். காது மெதுவாகச் சிவந்தது. நானும் வேண்டுமென்றே நாக்கைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினேன். பாவி மனிதர், கரண்டியைத் தவறவிட்டார். அந்தச் சத்தம் எனக்கு நாதஸ்வரமாகக் கேட்டது.

7

முடிவுகள். மூன்று எழுதிவைத்தேன்.

அ) தமாயோ இறங்குகிறாள். எழுந்து நிற்கிறாள். அவர் நிமிர்ந்து, இன்னும் நிமிர்ந்து, அண்ணாந்து—

ஆ) இகராஷி கதவு மூடுமுன் உள்ளே பாய்ந்து, கீழ்த்தளத்துக்கு—

இ) ஒன்றும் நடக்கவில்லை. ரயில் போய்விடு— (இதை எழுதிய கையை நானே அடித்துக்கொண்டேன்.)

நடந்ததைச் சொல்கிறேன். ட்சுபமே-சான்ஜோ பிளாட்பாரம் முழுக்கக் கேமராக்காரர்கள், மேக்ஸுக்கு விடைகொடுக்க. கூட்டத்தை இடித்துக்கொண்டு இகராஷி ஜன்னலுக்கு நேரே வந்து நின்றார். குனிந்தார். உச்சந்தலை தெரிந்தது. எனக்கு அன்றைக்கு என்ன வந்ததோ, இந்த மனிதரிடம் இத்தனை வருடம் வெறும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்டேனே என்று இருந்தது. எழுந்து நின்று, ஊர்க்காரன் மாதிரியே இடுப்பை மடித்து, நானும் குனிந்தேன். நல்ல ஆழம். மணி அடித்தது. கீழே என்னவோ தடதடவென்று ஓசை. யாரோ ஓடினார்கள். நிமிரலாமா? மரியாதை என்று ஆரம்பித்தால் பாதியில் விடக் கூடாதே! என் காலணியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது ரயில் நகர்ந்துகொண்டிருந்தது. எல்லாரும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். இகராஷி நின்ற இடத்தில் மட்டும் யாரும் இல்லை. பதினோரு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு யாரும் குனியவில்லை. நான் தனியாக மாடியில் நின்று கைதட்டினேன். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்து, மேக்ஸுக்காக என்று நினைத்துக்கொண்டு அவரும் தட்டினார்.

8

"படியிறங்கிப் போய்ப் பார்த்திருக்கலாமே?" என்பீர்கள். பார்த்திருக்கலாம். ஒருவேளை தமாயோவின் சீட்டும் பக்கத்துச் சீட்டும் காலியாக இருக்கும். ஒருவேளை நிறைந்திருக்கும். எதுவாக இருந்தாலும் அங்கே எனக்கு என்ன வேலை? டோக்கியோவரை இருப்புக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வியாழன் மாடியில்லாத புது ரயில். பட்டறையில் ஒன்றுமே நடக்காத மாதிரி விலை பேசினார் மனிதர். பிளாட்பாரத்தில் நான் ஏறாமல் நின்று மறித்துக்கொண்டேன்.

"இகராஷி-சான், போன வாரம் யார் ஏறினது? யார் இறங்கினது? சொல்லாம நான் ஏற மாட்டேன்."

அவர் குனிந்துவிட்டார்.

முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். நானும் குனிந்தேன், எட்டிப் பார்க்க. பதில் வணக்கம் என்று எண்ணி அவர் இன்னும் குனிந்தார். நான் இன்னும். அவர் இன்னும். இடுப்பு விட்டுப்போகும் போலிருக்கிறது, மணி வேறு அடிக்கிறது, என் கண்ணில் படுவது உச்சந்தலை, வெறும் உச்சந்தலை.

வாசகரே, இந்தக் கதையின் கீழ்த்தளத்தில் உட்கார்ந்திருக்கிறவர் நீங்கள். அந்த முகம் உங்களுக்கு நேரே தெரிகிறது. சீக்கிரம் சொல்லுங்கள், சிரிக்கிறாரா?