சங்கிலி ஜெபத்தில் அவருடைய முறை

விடாக்கண்டர் என்று பட்டப்பெயர் வைத்தது அவருடைய சபைதான். தொழில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். "இதுல ஒண்ணும் இல்ல, தூக்கிப் போடுங்க" என்று மற்றவர்கள் கைகழுவிய பெட்டியைத் தன் பட்டறைக்குக் கொண்டுவருவார். கம்ப்ரஸரைப் பிரித்துப் போட்டு, சோறு தண்ணி இல்லாமல் உட்கார்ந்து, அது உறுமின பிறகுதான் எழுந்திருப்பார். ஜெபத்திலும் அதே பிடிவாதம்தான். வேலை கிடைக்காதவனுக்கு வேலை, பிள்ளை இல்லாதவளுக்குப் பிள்ளை என்று இவர் முழங்கால் போட்டுவிட்டால், "சரிப்பா, எடுத்துக்கோ, ஆளை விடு" என்று ஆண்டவரே சொல்லிவிடுவார் என்பது பாஸ்டரின் கேலி. மனுஷர் அதைக் கேலியாக எடுத்துக்கொண்டிருந்தால் தேவலை. பாராட்டாக எடுத்துக்கொண்டார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் மனைவி மழலையர் பள்ளியில் டீச்சர். வீட்டிலும் சபையிலும் எல்லோருக்கும் டீச்சர்தான், கட்டின புருஷனுக்கும்கூட. அவளுக்கு ஈரலில் கட்டி வந்து, ஆஸ்பத்திரியில் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து பார்த்துவிட்டு, "வலி தெரியாம பாத்துக்குங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொல்லிவிட்டார். நல்ல டாக்டர்தான், பக்குவமாகத்தான் சொன்னார். ஆனால் மெக்கானிக்குக்கு அந்தப் பேச்சே பிடிக்கவில்லை. நீங்கள் கைவிட்டால் நான் விட்டுவிடுவேனா என்று கறுவிக்கொண்டு, வீட்டுக்கு வந்த அன்றைக்கே சங்கிலி ஜெபத்தை ஆரம்பித்துவிட்டார்.

சங்கிலி ஜெபம் என்றால், ஒருவர் முழங்காலிலிருந்து எழுந்திருக்கும் முன் அடுத்தவர் வந்து முழங்காலிட வேண்டும். ஆளுக்கு ஒரு மணி நேரம். ஜெபம் அறுந்துபோகக் கூடாது. உபவாச நாட்களில் சபையில் நடக்கிற வழக்கத்தை இவர் தன் வீட்டு முன்னறைக்கே கொண்டுவந்து, ஒவ்வொருவருக்கும் போன் போட்டு முறை பிடித்துக் கொடுத்தார். சட்டமும் போட்டார். முன்னறைக் கதவு சாத்தியிருந்தால் யாரும் தட்டக்கூடாது. வீட்டுக்குள் யாரும் சாவைப் பற்றி வாய் திறக்கக்கூடாது. திறந்தால் அது அவிசுவாசம்.

டீச்சர் பின்னறையில் படுத்திருந்தாள். அங்கே இவர் வந்து நிற்பதெல்லாம் ஒரு முறைக்கும் அடுத்த முறைக்கும் நடுவில்தான். தலையில் கை வைப்பார், "விசுவாசி டீச்சர்" என்பார், போய்விடுவார். ஒருநாள் காலையில், முன்னறையில் ஒரு பெண் குரல் உச்சத்தில் ஜெபித்துக்கொண்டிருக்க, அவள் அவருடைய சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"முன்னாடி யாரு, முட்டைக்கடை அக்காவா?"

"ஆமா."

"ஆண்டவருக்குக் காது நல்லாவே கேக்கும்னு யாராவது அவங்ககிட்ட சொல்லுங்களேன்."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்தாள். சிரிப்பில் வயிறு வலித்து அவள் முகம் சுருங்கியது.

"கொஞ்சம் உக்காருங்க. உங்ககிட்ட சொல்ல வேண்டியது ஒண்ணு இருக்கு."

"எந்திரிச்சு நடமாடினப்புறம் சொல்லு."

"எந்திரிக்கலேன்னா?"

"விசுவாசமில்லாம பேசாதே."

"எனக்கா விசுவாசம் இல்ல? அவர்கிட்டதான் போறேன்னு சொல்றேன். இதுக்கு மேல என்ன விசுவாசம் வேணும் உங்களுக்கு?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "எனக்கு பயமே இல்லீங்க. களைப்பா இருக்கு, அவ்வளவுதான். எல்லாருமா சேர்ந்து என்னை இழுத்துப் பிடிச்சு வச்சிருக்கீங்க. ஒரே ஒரு சாயங்காலம் இந்தச் சங்கிலிய நிறுத்திட்டு என் பக்கத்துல வந்து உக்காருங்க. உங்க இஷ்டம் ஆண்டவரேன்னு என் கையப் பிடிச்சுக்கிட்டு ஒரு தடவை சொல்லுங்க. நானும் சொல்ல வேண்டியதச் சொல்லிடறேன்."

மற்றவர்கள் வீட்டில் எத்தனையோ தடவை சொன்ன வார்த்தைதான் அது. தன் வீட்டில் அது அவருக்கு வாயில் வரவில்லை. உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டால், அதையே சம்மதமாக வைத்துக்கொண்டு ஆண்டவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரோ என்று அந்தப் பெரிய மனுஷர் சின்னப் பிள்ளைபோல நடுங்கினார். நாளைக்குப் பார்க்கலாம் என்று எதையோ முணுமுணுத்துவிட்டு, அடுத்த ஆள் வந்தாச்சா என்று பார்க்கப் போனார்.

பாஸ்டரும் வாசலில் வைத்து ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார்.

"அண்ணே, கேக்கறது தப்பில்ல. ஆனா கேக்கறவன் கைய விரிச்சு வச்சிருக்கணும். நீங்க அவர் சட்டையப் பிடிச்சுட்டு நிக்கிறீங்க."

"சட்டையப் பிடிச்சாத்தான் பாஸ்டர் திரும்பியே பாப்பார்."

பாஸ்டர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தன் முறைக்கு உள்ளே போனார்.

மறுநாள் மத்தியானம் மெக்கானிக்கின் முறை வந்தது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு அம்மா பக்கத்தில் இருந்தாள். வலி மருந்தின் அளவு ஏறிக்கொண்டே போவதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் அப்பாவிடம் வாய் திறக்கவில்லை.

"எதுக்காகவும் கதவத் தட்டாதே பாப்பா. அறுந்துடக் கூடாது" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அன்றைக்கு ஜெபித்ததுபோல அவர் ஒருநாளும் ஜெபித்ததில்லை. வாதாடினார், கெஞ்சினார், அவள் அரிச்சுவடி சொல்லிக்கொடுத்த பிள்ளைகளையெல்லாம் சாட்சிக்கு இழுத்தார். என் உயிரை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தரையில் முட்டினார். அழுது ஓய்ந்த ஒரு நேரத்தில் நெஞ்சு சட்டென்று லேசாகிவிட்டது. கேட்டது கிடைத்துவிட்டது என்று அடித்துச் சொல்லத் தோன்றியது அவருக்கு. அடுத்த ஆள் வரும்வரைகூடக் காத்திராமல், வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்த முகமாகக் கதவைத் திறந்தார்.

மகள் கதவோரமாகத் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா போயிட்டாங்கப்பா."

அவர் சிரிப்பு அப்படியே நின்றது. அதை முகத்திலிருந்து எடுக்கக்கூட அவருக்குத் தெரியவில்லை.

"நீங்க உள்ள போன கொஞ்ச நேரத்துல உங்களக் கேட்டாங்க. வந்து கதவுல கை வச்சேன். தட்ட முடியல. திரும்பிப் போய், அப்பா ஜெபத்துல இருக்காருன்னு சொன்னேன். சரி, முடிச்சுட்டு வரட்டும்னாங்க. அப்புறம் பேசவே இல்ல. நான் கையப் பிடிச்சுட்டுத்தான் இருந்தேன்."

"ஒரு தட்டு தட்டியிருக்கக் கூடாதாம்மா?"

"நான் தட்டி, சங்கிலி அறுந்து, அதனாலதான் அம்மா போயிட்டாங்கன்னு ஆயிட்டா?" என்றாள் மகள். சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பாவி மனுஷன், பெற்ற பிள்ளையின் தலையில் எதைத் தூக்கி வைத்திருக்கிறோம் என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. அவளை எழுப்பித் தோளோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். "உன் மேல தப்பு ஒண்ணும் இல்ல பாப்பா. நான்தான் கதவச் சாத்தினேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டு பேருமாகப் பின்னறைக்குப் போய்க் கட்டிலின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தார்கள். டீச்சரின் கையில் இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது. அவர் அந்தக் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார்.

முன்னறையில் ஆள் வந்த சத்தம் கேட்டது. முட்டைக்கடை அக்கா தன் முறைக்கு வந்து, காலியாக இருந்த இடத்தில் முழங்காலிட்டுவிட்டாள். விஷயம் தெரியாத மனுஷி, டீச்சருக்குப் பூரண சுகம் வேண்டும், தீர்க்காயுசு வேண்டும் என்று வீடு அதிர ஆரம்பித்தாள். நிறுத்தச் சொல்லலாம் என்று மகள் எழுந்தாள். அவர் வேண்டாமென்று கை காட்டினார்.

"உன்கிட்டயாவது அம்மா ஏதாவது பேசினாளா?"

"எல்லாம் பேசினாங்கப்பா. நீங்க முன்னறையில இருக்கிறப்பெல்லாம் பேசிட்டுத்தான் இருந்தோம். நான் யாரக் கட்டிக்கலாம், யாரக் கட்டிக்கக் கூடாது, எந்தப் புடவைய அவங்களுக்குக் கட்டிவிடணும், எல்லாமே சொல்லிட்டாங்க. நெறைய சிரிச்சோம்கூட."

"எனக்கு?"

மகள் போர்வையை இழுத்துச் சரிசெய்தாள்.

"உங்களுக்குச் சொல்ல வேண்டியதையும் என்கிட்டயே சொல்லிடுங்கம்மான்னு கேட்டேன். அது அவருக்குத்தான், அவர் காதுலதான் சொல்லுவேன்னுட்டாங்க."

அவர் மனைவியின் வாயைப் பார்த்தார். லேசாகத் திறந்திருந்தது. சொல்ல வந்தது கோபமா, மன்னிப்பா, அலமாரிச் சாவி எங்கே இருக்கிறது என்பதா, கல்யாணமான நாளிலிருந்து சொல்லாமல் வைத்திருந்த ஏதாவது ஒன்றா, இனி யாரிடம் போய்க் கேட்பது? பிரித்துப் பார்த்துச் சரிசெய்யவும் வழியில்லை. முன்னறையில் அக்காவின் குரல் இன்னும் அவளுடைய உயிரைக் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் கையிலிருந்த கையை மெதுவாகக் கட்டிலில் வைத்தார். தன் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல் மடியில் விரித்து வைத்துக்கொண்டார்.

"சரி, அதையும் நீங்களே வச்சுக்குங்க" என்றார், கண்ணை மூடிக்கொண்டு.

தன்னிடம்தான் சொல்கிறாரோ என்று மகள் நிமிர்ந்து பார்த்தாள்.