விருந்தாளிகள் கிளம்பட்டும்

"எனக்குக் கார் வேணும். இப்பவே வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் தன் குரல் எவ்வளவு உரக்க வந்துவிட்டது என்று அவளுக்கே உறைத்தது. பெரிய வீட்டின் முன்கூடத்தில் நின்றிருந்த ஐந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நடை பழகிய நாளிலிருந்து அவளுக்கு ஊட்டப்பட்ட பாடம் ஒன்றே ஒன்று: வீட்டுக்காரர்களாகக் கொடுத்தால் வாங்கிக்கொள், வாய் திறந்து எதையும் கேட்டுவிடாதே. அப்பா இந்த வீட்டுக்குத் தோட்டக்காரர், காவல்காரர், குழாய் அடைத்துக்கொண்டால் குழாய்க்காரரும்கூட. அம்மா பெருக்குவாள், துடைப்பாள், யாராவது வந்தால் சமைப்பாள். யாரும் குடியிராத வீட்டுக்கு வருஷம் முழுக்கத் தூசி தட்டும் அந்த இரண்டு பேருக்கும் பின்புறத்தில் ஒரே ஓர் அறை. அந்த அறையில் உட்கார்ந்து படித்துத்தான் அவள் பட்டம் வாங்கினாள். அவர்கள் குடும்பத்தில் முதல் பட்டம். படித்ததில் நேர்ந்த ஒரே கெடுதல், வாயை மூடிக்கொண்டு நிற்பது மறந்துபோனதுதான்.

"எதுக்குடி கார்?" என்றாள் பாப்பா. வீட்டுக்காரரின் மகள். வயது இருபத்தைந்தைத் தாண்டியும் இவளுடைய அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவள் பாப்பாதான். தாத்தா கட்டிய வீட்டைக் காட்டுவதற்காக நகரத்திலிருந்து நான்கு நண்பர்களை ஒருநாள் பொழுதுக்குக் கூட்டி வந்திருந்தாள்.

"அம்மாவுக்கு நெஞ்சு வலி. காலையிலேர்ந்து வேர்த்துக் கொட்டுது, வாந்தி வேற. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணிட்டேன். இருக்கற ஒரு வண்டியும் வேற எங்கயோ போயிருக்காம். வந்ததும் அனுப்பறோம்கறாங்க."

"ஐயையோ!" பாப்பாவின் முகம் நிஜமாகவே வாடியது. அவள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் சண்டை போடவாவது வசதியாக இருந்திருக்கும். "டிரைவர் ஐஸ் வாங்கப் போயிருக்காரேடி. இதோ வந்துடுவார். வந்த உடனே அனுப்பறேன், சரியா?"

"வாசல்ல இன்னொரு கார் நிக்குதே."

அந்தக் காருக்குச் சொந்தக்காரன் விரலில் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான். வாந்தி என்ற சொல் காதில் விழுந்தபோதே சாவி நின்றுவிட்டது. "இல்ல... வண்டி புதுசு. சீட்டுல போட்ட பிளாஸ்டிக்கைக்கூட இப்பதான்..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் பாப்பாவைப் பார்த்தான். பாப்பா அவள் பக்கம் குனிந்து, "விருந்தாளிடி. அவர்கிட்ட எப்படி?" என்று முணுமுணுத்தாள்.

"நம்ம டாக்டர் இருக்காரே!" என்றாள் கையில் போனோடு எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்.

கார் கேட்டவள் சட்டென்று திரும்பினாள். குண்டாக, சாதுவாக இருந்த ஒருவர் கையை விரித்தார். "நான் பல் டாக்டர்ங்க."

"நெஞ்சுல பல் முளைச்சிருந்தா பிடுங்கிடுவாரு," என்றான் கார்க்காரன். சிரிப்பு எழுந்தது. பல் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. "வாங்க, பாத்துடுவோம்" என்று அவளோடு பின்புறம் வந்தார்.

அறையில் அம்மா ஒருக்களித்துச் சுருண்டு கிடந்தாள். வாசலில் நிழல் விழுந்தது, பளபளத்த பூட்ஸ் தெரிந்தது, அவ்வளவுதான். அப்பா முக்காலியிலிருந்து துள்ளி எழுந்து, தோள் துண்டால் அதைத் துடைத்து, "உக்காருங்க சார்" என்றார். அம்மா சுவரைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்து நின்றாள். கலைந்த முடியை ஒரு கையால் ஒதுக்கிவிட்டு, வந்தவரைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தாள்.

"அம்மா, படு!"

"சும்மா இருடி. ஒண்ணுமில்ல சார், வாயு. இவ எதையும் ஊதிப் பெருசாக்குவா. நீங்க சாப்பிட்டீங்களா சார்?"

பல் டாக்டர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் வேகமாத்தான் இருக்கு. ஆனா எழுந்து நிக்கறாங்க, நல்லாப் பேசறாங்க... எதுக்கும் சாயங்காலம் ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டிடுங்க." அவர் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் தலை மறைந்ததும் அம்மா, கயிறு அறுந்த மூட்டைபோலப் படுக்கையில் சரிந்தாள்.

"மானத்த வாங்கிட்டியேடி," என்றாள், மூச்சுக்கு நடுவே.

"நீ போம்மா," என்றார் அப்பா. "வீட்டைச் சுத்திக்காட்ட நீ வரணும்னு பாப்பா சொல்லிச்சே. இங்க உக்காந்து நீ என்ன பண்ணப் போற? அவங்க மனசு கோணாம நடந்துக்கிட்டா அந்தக் காரே வரும்."

அவர் சொன்னதில் அவளுக்கு உடன்பாடில்லை. ஆனாலும் அந்தக் கார் வேண்டும். போனாள்.

வீட்டை அவள் ஓட ஓடக் காட்டினாள். "இது சாப்பாட்டு அறை. சுவத்துல இருக்கறது தாத்தா. இது பியானோ, யாருக்கும் வாசிக்கத் தெரியாது. வாங்க." அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் வெடுக்கென்று பேசப் பேச அவர்களுக்கு ருசி கூடியது. "செம கைடு இவங்க! பியானோ பத்திச் சொன்னத இன்னொரு தடவை சொல்லுங்க, வீடியோ எடுத்துக்கறேன்," என்றாள் படம் எடுக்கிறவள். சொன்னாள். கூடத்தின் நடுவில் தொங்கிய கண்ணாடிச் சரவிளக்கைக் காட்டி, "இதத் துடைக்க ஏணியில ஏறி எங்கம்மா ஒரு தடவை விழுந்தாங்க" என்றாள். "அச்சச்சோ!" என்றார்கள். பிறகு எல்லோருமாக அண்ணாந்து விளக்கைப் படம் எடுத்தார்கள்.

"மாடி வேணாம். பலகையெல்லாம் உளுத்துக் கெடக்கு, கால் வெச்சா விழுந்துடுவீங்க."

"ஏய் புளுகுணி!" பாப்பா செல்லமாக அவள் தோளில் தட்டினாள். "போன மாசம்தானே புதுசா மாத்தினோம்! வாங்க எல்லாரும், மேலதான் அழகே."

படியேறும்போது அவள் வேண்டுமென்றே பின்தங்கி, கார்க்காரனோடு சேர்ந்துகொண்டாள். குரலைத் தாழ்த்தினாள். இவ்வளவு தாழ்த்தி அவள் கல்லூரியில்கூட யாரிடமும் பேசியதில்லை. "சார், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போதும். சீட்டு மேல நான் போர்வை விரிச்சுடறேன். ஒரு சொட்டுப் படாது."

"அதான் டாக்டரே பாத்துட்டாரேங்க. சிரிச்சுப் பேசினாங்களாமே."

"உங்க ஆளு வந்தாருன்னுதான் எழுந்து நின்னாங்க."

"அதத்தாங்க நானும் சொல்றேன்," என்றான் அவன், பொறுமையாக. "எழுந்து நின்னாங்கல்ல?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் கிண்டல் செய்யவில்லை. அவனுக்கு நிஜமாகவே விளங்கவில்லை. நிற்க முடியாத ஒருத்தி நின்றாள் என்பதை எந்த மொழியில் சொன்னால் இவனுக்குப் புரியும்?

மாடியில் நான்கு அறைகள். கட்டில், கண்ணாடி அலமாரி, குளியல் தொட்டி ஒவ்வொன்றிலும் அவர்கள் தங்கித் தங்கி நின்றார்கள். தொட்டிக்குள் ஒருவர் படுத்துப் பார்த்தார். பால்கனிக்கு வந்தபோது கீழே சரளைக் கல்லில் சக்கரம் உரசும் ஓசை கேட்டது. டிரைவர். அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுப் படிகளில் பாய்ந்தாள்.

"அண்ணா, அம்மாவுக்கு முடியல. ஆஸ்பத்திரிக்கு..."

டிரைவர் யாரையும் கேட்கவில்லை. ஐஸ் பெட்டியை அப்படியே படியில் போட்டார். "ஏறு. பின்னால கொண்டுவந்து நிறுத்தறேன்."

அறை இருட்டாக இருந்தது. புல்வெளியைப் பார்த்த ஜன்னலை யாரோ சாத்தியிருந்தார்கள். அம்மா மல்லாந்து நேராகப் படுத்திருந்தாள். போர்வை கழுத்துவரை சுருக்கமில்லாமல் இழுத்துவிடப்பட்டிருந்தது. அம்மா ஒருநாளும் அப்படிப் படுத்ததில்லை. மகள் கத்த வாயைத் திறக்குமுன் அப்பா ஓடிவந்து தன் உள்ளங்கையால் அதைப் பொத்தினார். கை முழுக்க மண் வாசனை.

"கத்திடாதேம்மா. விருந்தாளிங்க கிளம்பட்டும். சந்தோஷமா வந்திருக்காங்க. இன்னும் சாப்பிடக்கூட இல்ல."

அவள் அந்தக் கையை விலக்கினாள். "எப்ப?"

"நீ மாடிக்குப் போன நேரம்."

"ஏன் என்னைக் கூப்பிடல?"

"நீதான் அவங்ககூட இருந்தியே."

அவரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. அப்போதுதான் அவர் தோள்கள் ஏற்கெனவே குலுங்கிக்கொண்டிருப்பதைக் கவனித்தாள். ஓசையே இல்லை. இதையும் பழகி வைத்திருந்தார். வாசலில் நின்ற டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெளியே புல்வெளிக்கு வந்துவிட்டார்கள் போலும், நாற்காலிகள் இழுபடும் சத்தம், பிறகு பாப்பாவின் குரல்: "தோட்டக்காரரே! தட்டெல்லாம் எடுத்துட்டு வர்றீங்களா?"

"இதோ வந்துட்டேம்மா!" அப்பா துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு கிளம்பினார். குரலில் பிசிறுகூட இல்லை.

அவள் அவர் தோளைப் பிடித்து முக்காலியில் அழுத்தினாள். சின்ன உடம்பு, எதிர்க்காமல் உட்கார்ந்தது.

"அம்மா பக்கத்துல இருங்க. யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்கக் கூடாது."

ஜன்னலைத் திறந்தாள். அம்மாவின் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். வியர்வை இன்னும் காயவில்லை. கையை எடுத்துக்கொண்டு டிரைவரிடம் வந்தாள்.

"அண்ணா, முன்கூடத்துல இருக்கற பெரிய மேஜைய ஓரமா நகர்த்தணும். அம்மாவ அங்க படுக்க வெக்கணும். ஒரு கை குடுப்பீங்களா?"

டிரைவர் புல்வெளிப் பக்கம் பார்த்தார். "பாப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

"கேக்கல. சொல்லப் போறேன்."

"எங்கம்மா போற?" என்றார் அப்பா பின்னாலிருந்து. அவள் திரும்பவில்லை.

வேலைக்காரர்கள் போக, வேலியோரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று உண்டு. அப்பா தண்ணீர் விட்டு வளர்த்த புல்லை அவர்களில் யாரும் மிதித்ததில்லை. அவள் நேராகப் புல்லில் இறங்கினாள். எதிரே மரத்தடியில் பாப்பாவும் நண்பர்களும் வீட்டை நோக்கித் தோளோடு தோள் சேர்ந்து நின்றார்கள். முதுகு தெரிய நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவள், அவர்கள் கண் போன திசையில் திரும்பிப் பார்த்தாள். போனைத் தாழ்த்தாமலே, ஓரமாகப் போகும்படி இடது கையால் சிரித்துக்கொண்டே சைகை செய்தாள். புல் சில்லென்றிருந்தது. செருப்பில்லாமல் வந்துவிட்டது அப்போதுதான் தெரிந்தது. அவள் நேரே நடந்தாள்.