சென்சார் பொய் சொல்லுது

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என் தம்பி கோகுல்ராஜ் நேற்று மாலை பூம்பாறையிலிருந்து கொடைக்கானலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். சமையற்கட்டில் நின்றபடியே டீ குடித்தான். பிறகு ஒரு கதை வேண்டும் என்று கேட்டான். கடையில் டயர் கேட்கிறவன் மாதிரி கேட்டான்.

அவன் மனைவி ரோகிணி வேடசந்தூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிறது. இனி மலை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். நான் எழுதுவதையெல்லாம் தேடிப் படிக்கிறவள் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். அது தெரிந்துதான் வந்திருக்கிறான்.

"நீ எழுதுனா அவ படிப்பாக்கா. கடைசில அவ திரும்பி வந்துர்ற மாதிரி முடிச்சிரு. வண்டிதான் சரியாயிருச்சுல்ல."

அந்தக் கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். அதைக் கேட்ட எரிச்சலில்தான் எழுத உட்கார்ந்தேன். அவனுக்காக இல்லை.

2

முதல் தொடக்கம்: "பழனி மலைத்தொடரின் மேல் மூடுபனி மெல்லக் கவிழ்ந்துகொண்டிருந்த ஒரு"

வேண்டாம். கொடைக்கானல் கதை ஒன்றாவது மூடுபனி இல்லாமல் ஆரம்பிக்கட்டும்.

இரண்டாம் தொடக்கம்: "லிட்டருக்குப் பதினாலு கிலோமீட்டர் கொடுத்துக்கொண்டிருந்த வேன் ஒன்பதுக்கு இறங்கியபோது கோகுல்ராஜுக்குச் சோறு இறங்கவில்லை." இது நன்றாக இருக்கிறது. உண்மையும்கூட.

மூன்றாம் தொடக்கம்: "ரோகிணிக்குத் தலை வலித்தது." நியாயமாகப் பார்த்தால் இப்படித்தான் ஆரம்பிக்க வேண்டும். ஆனால் இப்படி ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் என்ன நடந்ததோ அதேதான் இங்கும் நடக்கும். "சரி, அப்புறம்?" என்று அடுத்த வரிக்குப் போய்விடுவீர்கள். வண்டி ரிப்பேர் என்றால் மட்டும் நின்று கேட்பீர்கள். ஆகவே வண்டியிலிருந்தே வருகிறேன்.

3

எட்டுப் பேர் உட்காரும் வேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியிலேயே இருக்கிற வகை. சீசனில் டூரிஸ்ட்டுகளை ஏற்றிக்கொண்டு சுற்றும். மற்ற நாட்களில் பின்சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பூம்பாறைப் பூண்டை மூட்டை மூட்டையாகக் கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கொண்டுவரும்.

போன ஐப்பசியில் ஸ்டியரிங்குக்குப் பின்னால், இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிந்தது. பெட்ரோல் தண்ணீராய் ஓடியது. புகை சர்டிபிகேட் எடுக்கப் போன இடத்தில் அளவுக்கு மேல் போகிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து வீட்டில் வேறு பேச்சே கிடையாது. காது புளித்துப்போனது. பங்க்கில் கலப்படம் என்றான் ஒருவன். டயரில் காற்றுக் குறைவு என்றான் இன்னொருவன். என் அம்மா பிச்சையம்மாள் கண்திருஷ்டி என்று எலுமிச்சம்பழம் கட்டினாள்.

வத்தலக்குண்டு மெக்கானிக் வேலப்பன் மட்டும் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தார். புகைக்குழாயில் ஆக்சிஜன் சென்சார் என்று ஒன்று இருக்கிறதாம். காற்று அதிகமாக இருக்கிறது, பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்கிறதாம். பெட்ரோல்தான் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறதே, எப்படிப் போதாமல் போகும்? அப்படியானால் சென்சார் கெட்டுவிட்டது என்று புதிது போட்டார். புதிதும் அதையே சொன்னது. வேறு கம்பெனி சென்சார் வாங்கிப் போட்டார். அதுவும் அதையேதான் சொன்னது.

(வண்டி தெரியாதவர்களுக்கு ஒரு குறிப்பு: சென்சார் சொல்வதை நம்பித்தான் இன்ஜின் பெட்ரோல் எடுக்கும். போதவில்லை என்று அது சொல்லச் சொல்ல இன்னும் எடுக்கும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், கேள்வி கேட்காதீர்கள்.)

"சென்சார் பொய் சொல்லுது" என்று கோகுல் முடிவு கட்டினான். மஞ்சள் லைட்டின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான்.

4

இனி ரோகிணி. இங்கேதான் இந்தக் கதை என் உயிரை வாங்குகிறது.

"ரோகிணி எதற்கெடுத்தாலும் குறை சொல்கிற" [அடித்துவிட்டேன். அவள் அப்படிப்பட்டவளே இல்லை.]

"மெலிந்த உடம்பும் பயந்த கண்களுமாக" [இதையும். அவள் சந்தையில் நின்று கத்தினால் ஏரி வரைக்கும் கேட்கும்.]

உண்மையைச் சொல்கிறேன். கோகுல் வந்து கேட்பதற்கு முன்பே, வண்டி கெட்டுக் கிடந்த நாட்களில், மைலேஜை வைத்து ஒரு நகைச்சுவைக் கதை எழுதலாம் என்று நான் நினைத்திருந்தேன். அதில் ரோகிணி ஒட்டவே இல்லை. கேரட் வாங்க வந்தவனிடம் நாலு கிலோ பூண்டைக் கட்டி அனுப்புகிறவள், அதே காலையில் வேனிலிருந்து இறங்கும்போது கதவைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நிற்கிறாள். ஒரு பத்தியில் ஒரு மாதிரியும் அடுத்த பத்தியில் வேறு மாதிரியும் இருக்கிற பாத்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? எனக்கு அவள்மேல் கோபமே வந்தது.

அவள் வாந்தி எடுத்ததும் முதலில் எல்லோரும் அவள் வயிற்றைத்தான் பார்த்தார்கள். விசேஷமா, விசேஷமா என்று துளைத்தெடுத்தார்கள். விசேஷம் இல்லை என்று ஆனதும், வேடசந்தூர்க்காரிக்கு மலை வளைவு ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தார். கோகுல் இஞ்சி மிட்டாய் வாங்கிக் கொடுத்தான். வண்டிக்கு இரண்டு சென்சார், அவளுக்கு இஞ்சி மிட்டாய்.

ஒருநாள் அவள் என்னிடம் தெளிவாகவே சொன்னாள்.

"மதினி, பஸ்ல வந்தா ஒண்ணும் செய்யல. வேன்ல மட்டுந்தான் வலிக்குது. ஒரு மாதிரி வாடை வேற வருது."

இதை அவள் எங்கள் வீட்டிலும் சொன்னாள். பூண்டு வண்டியில் பூண்டு வாடை வராமல் மல்லிகைப்பூ வாடையா வரும் என்று சிரித்தார்கள். எங்கள் ஊர்ப் பூண்டு பரணில் புகை போட்டுப் பதப்படுத்தியது. வண்டியில் ஏறினாலே காரமும் புகையும் கலந்து மூக்கில் ஏறும். அந்த வாடையில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். நானும் சிரித்தேன். கோகுலுக்கோ ரோஷம் வந்துவிட்டது. ஊரான் ஓட்டுகிற பஸ் ஒத்துக்கொள்கிறது, புருஷன் ஓட்டுகிற வண்டி ஒத்துக்கொள்ளவில்லையா என்று கேட்டான். நடிக்கிறாள் என்றான். அவள் காதுபடவே சொன்னான்.

அதற்கப்புறம்தான் அவள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். அம்மா வீட்டுக்குப் போனதும் தலைவலி நின்றுவிட்டது. பார்த்தாயா, நடிப்புதான் என்று அதையும் சாட்சியாக்கிக்கொண்டார்கள். இந்த மூளையை என்ன செய்வது, சொல்லுங்கள்.

5

பாத்திரம் பிடிபடாமல் போனால் எழுத்தாளர்கள் பாத்திரத்துக்குள் நுழைய வேண்டும் என்பார்கள். எனக்கு அந்த வித்தையெல்லாம் தெரியாது. நான் அவள் சீட்டில் போய் உட்கார்ந்தேன்.

அவள் அம்மா வீட்டுக்குப் போன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளனே, பூம்பாறையிலிருந்து வேனில் வந்தேன். பின்னால் பூண்டு மூட்டைகள். குளிருக்குப் பயந்து என் பக்கத்துக் கண்ணாடியை முழுக்க ஏற்றிவிட்டேன், ரோகிணி எப்போதும் செய்கிற மாதிரி. கோகுல் தன் பக்கத்தை இறக்கிவிட்டு முழங்கையை வெளியே நீட்டித்தான் ஓட்டுவான். அவனுக்குக் குளிரே தெரியாது. டூரிஸ்ட்டுகளும் செல்போனை நீட்டிப் படம் எடுப்பதற்காகக் கண்ணாடியை இறக்கிவிடுவார்கள். மூடி வைத்துக்கொண்டு வந்தது ரோகிணி ஒருத்திதான்.

நான் அந்தச் சாலையில் புத்தகம் படித்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக்குப் போனவள். வளைவு என்னை ஒன்றும் செய்யாது. ஆனால் கொடைக்கானலுக்கு முன்னாலிருக்கும் அப்சர்வேட்டரி வருவதற்குள் நெற்றி இரண்டாகப் பிளந்துவிடும்போல இருந்தது. குறிப்பு எடுக்கக் கொண்டுவந்த பேனா கையில் நிற்கவில்லை. வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒரு தைலமரத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தேன்.

"ஏலே, எனக்கா மலை ஒத்துக்கல?" என்று கேட்டேன்.

"உனக்கும் வயசாகுதுல்லக்கா" என்றான்.

அவனை அங்கேயே அறைந்திருப்பேன். தலை நிமிரவில்லை.

6

சாலையோரத்தில் உட்கார்ந்தபடியே வேலப்பனுக்குப் போன் போட்டேன். என் தலைவலியைச் சொன்னேன், ரோகிணியின் தலைவலியையும் சொன்னேன், வாடையையும் சொன்னேன். இதை ஏன் யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அவர் கேட்டார். உங்களிடம் வண்டியைத்தானே காட்டினோம் என்றேன். வண்டியை அங்கேயே நிறுத்துங்கள், கதவையெல்லாம் திறந்து போடுங்கள், யாரும் உள்ளே உட்காராதீர்கள் என்றார். அன்றைக்கே மலை ஏறி வந்தார்.

முன்சீட்டைத் தூக்கினார். இன்ஜினிலிருந்து புகையைக் கொண்டுபோகும் இரும்புக் குழாயில், சென்சாருக்கு முன்னால், விரல் நீளத்துக்கு விரிசல். அதைச் சுற்றி மையாகக் கரி. விரிசல் வழியாக வெளிக்காற்று குழாய்க்குள் போயிருக்கிறது. சென்சார் அந்தக் காற்றைத்தான் சொல்லியிருக்கிறது. அதே விரிசல் வழியாகப் புகை வண்டிக்குள் வந்திருக்கிறது.

"மூடுன வண்டியில இந்தப் புகை ஆளத் தூங்க வச்சிரும்மா. தூங்குனா எந்திரிக்க மாட்டாக" என்றார் வேலப்பன். பிறகு, வாடை தனக்கும் வந்ததாகவும் பூண்டு என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

எத்தனை ஞாயிற்றுக்கிழமை அவள் அந்தச் சீட்டில் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டு வந்திருப்பாள்!

புதுக் குழாய் போட்டார்கள். வண்டி பதினாலுக்குத் திரும்பியது. புகை சர்டிபிகேட் கிடைத்தது. டேப்பைப் பிய்த்தால் லைட் எரியவில்லை. கோகுல் வேன் ஸ்டாண்டில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தான். வேலப்பன் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவம்ணே, சென்சாரத் தப்பா நெனச்சிட்டேன்" என்றான்.

சென்சாரை! இவன் என் கூடப் பிறந்தவன். நானே பக்கத்தில் நின்று கேட்டேன்.

7

முடிவுகள்.

அ) ரோகிணி இந்தக் கதையைப் படித்துவிட்டுக் கொடைக்கானல் பஸ் ஏறுகிறாள். இது கோகுல் ஆர்டர் கொடுத்த முடிவு. எழுத மாட்டேன். பேனா என் கையில் இருக்கிறது என்பதற்காக ஒருத்தியை இழுத்துவந்து மறுபடி அங்கே உட்கார வைக்க முடியாது.

ஆ) கோகுல் வேடசந்தூருக்குப் போய் அவள் கையைப் பற்றி, கண்கள் கலங்க [அவன் கண் கலங்கி நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. கியர்பாக்ஸ் உடைந்த அன்று.]

இ) ரோகிணி வேடசந்தூரிலேயே ஒரு கடை போட்டு நன்றாக இருக்கிறாள். எனக்குப் பிடித்த முடிவு இதுதான். ஆனால் அவளுக்குப் பிடிக்குமா என்று அவளை யார் கேட்டது? இங்கேயும் அவளைக் கேட்காமல்தானே எழுதுகிறேன்?

8

ஆகவே இன்று காலை அவனைக் கூப்பிட்டு, கதையெல்லாம் கிடையாது, போனைப் போடு என்றேன். ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். அவன் முழித்தான். போட்டான்.

ரோகிணி எடுத்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். அங்கே வெயில் எப்படி என்றான். வெயில்தான் என்றாள். எனக்குப் பொறுமை போய்க்கொண்டிருந்தது. கடைசியில் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, வண்டியில் குழாய் விரிசல் விட்டுக் கிடந்ததையும், அதை மாற்றியதையும், இப்போது பதினாலு கொடுப்பதையும் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் குரலில் ஒரு தெம்பு வந்தது.

"சந்தோஷம்" என்றாள் ரோகிணி.

அவன் என்னைப் பார்த்தான். நான் போனைக் காட்டினேன்.

"எனக்குத் தல வலிச்சது நெசந்தான்னு இப்பவாவது தெரியுதா உங்களுக்கு?" என்று கேட்டாள். குரலை உயர்த்தாமல்தான் கேட்டாள்.

கோகுல் வாயைத் திறந்தான்.

இத்தோடு நிறுத்துகிறேன். அவன் என்ன சொன்னான் என்று எனக்குத் தெரியும், பக்கத்தில்தான் நின்றேன். எழுத மாட்டேன். எழுதினால் "அப்பாடா" என்றோ "அடப்பாவி" என்றோ சொல்லிவிட்டுப் பக்கத்தைப் புரட்டுவீர்கள். அவனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டேன், நீங்கள் வாருங்கள். உங்கள் வீட்டிலும் ஒருத்தி சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பாள். அவளுக்கு என்ன சொல்வீர்களோ அதையே இங்கேயும் சொல்லுங்கள். மைலேஜைப் பற்றி மட்டும் பேசாதீர்கள்.

வெரசா சொல்லுங்கள். ரோகிணி இன்னும் லைனில் இருக்கிறாள்.