போகாமலிருக்க ஒரு நேர்ச்சை

"காரியந்தான் நடக்கலயேம்மா. நடக்காத காரியத்துக்கு எவளாச்சும் முடி குடுப்பாளா?" என்று ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்குப் போகும் பஸ்ஸில் ஏறியதிலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள் ஜோஸ்லின்.

"சாமிகிட்டச் சொன்னது சொன்னதுதான். பேசாம வா" என்று ஜோதிமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நர்ஸிங் முடித்து ராமநாதபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கும் மகள், ராணுவ ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் எடுக்கிறார்கள் என்றதும் பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். சென்னை நர்ஸிங் கவுன்சிலில் பெயர் பதிந்த சான்றிதழ் கையில் இருந்தால்தான் உள்ளே விடுவார்களாம். படித்த காலேஜ் அனுப்ப வேண்டிய தாளை அனுப்பாமல் இழுத்தடிக்க, சான்றிதழ் வந்து சேர்ந்தபோது நேர்முகம் முடிந்திருந்தது.

அந்த நாட்களில்தான் ஜோதிமேரி யாருக்கும் தெரியாமல் ஓரியூர் வந்து போனாள். "அருளானந்தரே, அந்தத் தாளு நேரத்துக்கு வராம இருக்கட்டும். என் முடியத் தாரேன்" என்று முட்டி போட்டுக் கேட்டாள். மீன் பிடிக்கப் போன புருஷன் சவேரியார் இலங்கைச் சிறையில் கிடந்தபோது போனை மடியில் வைத்துக்கொண்டே சோறு தின்றவள் அவள். இன்னொரு உசுருக்காக அப்படி உட்கார்ந்திருக்க அவளால் ஆகாது.

கேட்டது நடந்துவிட்டது. தலையணையில் முகம் புதைத்து அழுத மகளுக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்து, "விடுடி, ஆண்டவருக்குத் தெரியாதா" என்றாள். நேர்ச்சையைச் செலுத்தாவிட்டால் கடலுக்குப் போகிற புருஷனுக்கு ஏதாவது ஆகிவிடும். தனியாக வந்து முடித்துவிடலாம் என்று கிளம்பியவளை, தனக்கு வேலை கிடைக்கத்தான் நேர்ந்திருக்கிறாள் என்று நினைத்த ஜோஸ்லின் லீவு போட்டுக்கொண்டு பிடித்துக்கொண்டாள்.

"யாருக்குத் தாயி மொட்டை?" என்றார் கோயிலோரக் கொட்டகையில் முடியெடுப்பவர்.

"எங்கம்மாவுக்கு. எனக்காக நேந்துக்கிட்டாக" என்றாள் ஜோஸ்லின் பெருமையாக.

"குடுத்துவச்ச புள்ள நீ."

ஜோதிமேரி தலையைக் குனிந்துகொண்டாள். தலையில் தண்ணீர் விழுந்தது.

"அண்ணே, அப்படியே எனக்கும் எடுத்துருங்க. அடுத்த தடவயாச்சும் கிடைக்கட்டும்." ஜோஸ்லின் கிளிப்பை உருவினாள். முடி இடுப்பு வரை சரிந்தது.

"கல்யாணம் ஆகாத புள்ள. யோசிச்சுக்க."

"மிலிட்டரிக்காரியப் பாத்து யாருண்ணே முடி எங்கன்னு கேப்பா?"

"வேணாம்டி" என்றாள் ஜோதிமேரி.

"ஏன், நீ மட்டும் குடுப்பியோ?"

"நான் கேட்டது வேற."

"என்ன கேட்ட?"

"அது வரக்கூடாதுன்னு கேட்டேன்."

"எது?"

"உன் நர்ஸு தாளு."

முடியெடுப்பவர் கத்தியில் புதுப் பிளேடு மாட்டப்போகிறவர் போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நான் அழுதேன்ல, டீ கொண்டாந்தியே."

"ஆமாடி."

"காலேஜுக்காரன் அனுப்பல. அதுக்கு நீ என்ன பண்ணுவ, சாமிதான் என்ன பண்ணும்?" ஜோஸ்லின் முடியை அள்ளி முடிந்து கிளிப்பைக் குத்தினாள். "ஆனா நீ கேட்டேல்ல?"

ஜோதிமேரி நனைந்த தலையை முடியெடுப்பவர் பக்கம் நீட்டினாள்.

"அண்ணே, நீங்க எடுங்க. அவுகளுக்கு மட்டும்."

முடி செம்மண்ணில் விழுந்தது. சந்தனத்தை ஜோஸ்லினே வாங்கி வந்து பூசினாள். ஓரிடம் விடவில்லை, ஓரிடத்திலும் விரல் நிற்கவில்லை. புண்ணுக்கு மருந்து போடுகிற கை. பூசி முடித்ததும் தாயின் மணிக்கட்டைப் பிடித்துக் கோயிலுக்குள் கூட்டிப்போனாள்.

"அடுத்த வருசம் மறுபடி எழுதப் போறேன். தாளு இப்ப கையில இருக்கு. கேளு."

"என்னத்தடி கேக்க?"

"நான் போவணும்னு. என் காதுல விழுறாப்புல."

ஜோதிமேரி முட்டி போட்டாள். "எம்புள்ள... போவட்டும்."

"சத்தமா."

"எம்புள்ள போவணும், சாமி!"

முன்வரிசையில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஜோதிமேரியின் கன்னத்தில் சந்தனம் கண்ணீரோடு வழிந்தது. பக்கத்தில் முட்டி போட்டிருந்த ஜோஸ்லின் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள்.