பாலில் ஊறிய கால்

பேருந்து ஓட்டுநருக்கு வலது காலின் கடைசி இரண்டு விரல்களுக்கு நடுவே பூஞ்சை பிடித்திருந்தது. தினமும் பத்து மணி நேரம் ஷூவுக்குள் வெந்துகொண்டிருக்கும் காலுக்கு வேறென்ன வரும்? சிக்னலில் வண்டி நின்றாலே ஒரு ஷூவால் இன்னொன்றைத் தேய்ப்பார். டாக்டரிடம் போக வெட்கம்.

அவருடைய தங்கை ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்ப்பவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் பால்கனியில் நின்று போனில் பேசியது இவர் காதில் விழுந்தது. "பால்லேர்ந்து எடுத்ததுதான்... ஆமா, போட்டதும் பூஞ்சை காலி!"

அவ்வளவுதான். மிச்சத்தைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை.

மறுநாள் காலை குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, ஒரு லிட்டர் பாலைப் பக்கெட்டில் ஊற்றிக் காலை ஊறப்போட்டார். கழுவினால் சக்தி போய்விடுமே என்று அப்படியே சாக்ஸை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

"பால் எங்கே?" என்று ஃப்ரிட்ஜைக் குடைந்தாள் மனைவி.

"பூனை குடிச்சிருக்கும்."

"ஃப்ரிட்ஜைத் திறந்தா?"

இவர் அதற்குள் படியிறங்கிவிட்டார்.

அடுத்த இரண்டு நாளும் அதே வைத்தியம். மூன்றாம் நாள் மதியம் வெயில் கொளுத்தியது. வண்டி நிறையக் கூட்டம், ஆனால் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த நான்கு இருக்கைகள் மட்டும் காலி. அங்கே உட்கார்ந்தவர்கள் அடுத்த நிமிஷமே மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனார்கள். வழியில் ஏறிய டிக்கெட் பரிசோதகர் முகம் சுளித்தார்.

"யாரோ பாலைக் கொட்டியிருக்காங்க. வண்டியை ஓரங்கட்டுங்க."

எல்லோரையும் இறக்கி, இருக்கைக்கு அடியிலெல்லாம் குனிந்து தேடினார்கள். ஒன்றும் அகப்படவில்லை. பரிசோதகர் மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து, கடைசியில் ஓட்டுநரின் ஷூவுக்கு நேரே குனிந்து நின்றார்.

"இது... பாலா?"

"மூணு நாளா" என்றார் ஓட்டுநர், தரையைப் பார்த்தபடி.

வேறு ஓட்டுநரை வரவழைத்து, இவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். விஷயம் தெரிந்த தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் அண்ணன் கையைப் பிடித்துத் தன் ஆராய்ச்சிக்கூடத்துக்கு இழுத்துப் போனாள்.

"பாலை ஊத்தறதில்லண்ணா. பால் புரதத்தைச் சின்னச் சின்னதா நறுக்கி, அதுல ஒரு துண்டை மட்டும் எடுக்கறோம். அது நம்ம வெள்ளையணுவை உசுப்பி விடும். பாரு."

திரையில் இரண்டு படங்கள் ஓடின. இடப்பக்கத்தில் பூஞ்சைக்குப் பக்கத்திலேயே வெள்ளையணுக்கள் அசையாமல் கிடந்தன.

"ஏய், பக்கத்துலதானே இருக்கு? புடிங்கடா!" என்று அவர் கத்தினார். நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திடுக்கிட்டுத் திரும்பினார்கள்.

"அதுல துண்டு போடல. வலது பக்கம் பாரு."

அங்கே ஒரு வெள்ளையணு ஊர்ந்து வந்து பூஞ்சையை லபக்கென்று விழுங்கியது.

"அப்படிப் போடு! சரி, அதுல ஒரு சொட்டு என் விரல்ல..."

"இது இன்னும் சோதனைக் கிண்ணத்தை விட்டே வெளிய வரல. இதுல இருக்கற பூஞ்சையும் வேற ஜாதி. நீ ஊத்தின பால்ல உன்னோடது ஈரத்துல ஊறி நல்லா கொழுத்திருக்கும். கிளம்பு, தோல் டாக்டரைப் பார்க்கலாம்."

டாக்டர் விரலை விலக்கிப் பார்த்தார். "வேற ஏதாச்சும் போட்டீங்களா?"

தங்கை வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார். "பால்."

டாக்டரின் பேனா நின்றது. "கொழுப்பு நீக்கினதா?"

கிண்டலா, கேள்வியா என்று புரியாமல், "நீக்காதது" என்றார் பணிவாக.

களிம்பு எழுதிக்கொடுத்து, காலை ஈரமில்லாமல் வைத்துக்கொள்ளச் சொன்னார் டாக்டர். ஓட்டுநர் ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. ஒரு மாதத்தில் விரலிடுக்கு சுத்தமாகிவிட்டது. அதற்குள் கதை பணிமனை முழுக்கப் பரவி, அவருக்குப் 'பாலாடை' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் கோபித்துக்கொண்டார். இரண்டாம் வாரம் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தார்.