இரண்டு மீட்டர் தூரம்

2014ஆம் ஆண்டு மே மாதம் பதினோராம் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலை, கலாபகோஸ் தீவுக்கூட்டத்தின் தென்கோடியில் உள்ள எஸ்பானோலா தீவின் மேற்கு முனையில், பதினாறு படுக்கைகள் கொண்ட ‘லா தொர்காசா’ என்ற சுற்றுலாக் கப்பல் நங்கூரமிட்டு நின்றது.

கீழ்த்தளத்தில், சமையலறையை ஒட்டிய அறையில் யாதிரா மண்டியிட்டு அம்மாவுக்கு ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். வலது கால் நுழைந்துவிட்டது. இடது கால் நுழையவில்லை. நாடாவை முழுக்க உருவி, ஷூவின் நாக்கை வெளியே இழுத்துவிட்டு மறுபடி முயன்றாள். கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் அந்த இடம் குழியாகவே நின்றது.

“நேத்து சாயந்திரம் இப்படி இல்லையேம்மா.”

“உப்புக்காத்து. கப்பல்ல எல்லாருக்கும் வீங்கும்.”

“வேற யாருக்கும் வீங்கல.”

“அவங்கெல்லாம் காசு குடுத்து வந்தவங்க,” என்றாள் நார்சிசா.

யாதிரா சிரிக்கவில்லை. நாடாவைப் பாதித் துளைகளில் மட்டும் கோத்துத் தளர்வாக முடிச்சுப் போட்டாள்.

நார்சிசாவுக்கு வயது எழுபத்தொன்று. மலைநாட்டிலிருந்து கல்யாணமாகி, இதே தீவுக்கூட்டத்தின் துறைமுக ஊரான புவெர்த்தோ அயோராவுக்கு வந்தவள், அந்த ஊரை விட்டு வேறெந்தத் தீவுக்கும் போனதில்லை. அந்த ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான். தீவுகளைப் பார்ப்பது வெளிநாட்டார் வேலை. அவர்கள் படுத்தெழுந்த விரிப்புகளைத் துவைப்பது அவள் வேலை. கப்பல்கள் துறைக்கு வந்ததும் மூட்டைகள் அவள் வீட்டுக் கொல்லைக்கு வரும். லா தொர்காசாவின் விரிப்புகளும் அவள் துவைத்தவைதான். முதல் நாள் அறைக்குள் நுழைந்ததும் தலையணை உறையைப் புரட்டி, மூலையில் இருந்த ஒயின் கறையை மகளுக்குக் காட்டினாள். அது எத்தனை அலசியும் போகாத கறை. அதன் மேலேயே தலைவைத்துப் படுத்தாள்.

அவளுக்குப் பார்க்கவேண்டியது ஒன்றே ஒன்று. அல்பட்ராஸ் என்ற பெரிய கடற்பறவை. அவளுடைய கணவன் மீன்பிடிக்க இந்தத் தீவுப் பக்கம் போய்வந்தவன். எஸ்பானோலாவில் அந்தப் பறவைகள் ஜோடி ஜோடியாக நின்று, வாள் சண்டைபோல அலகோடு அலகு மோதி, வானத்தைப் பார்த்து ஒரு சத்தம் போட்டு, குடிகாரன்போல ஆடி நடக்கும் என்று சொல்வான். சமையலறையில் கரண்டியை மூக்கருகில் பிடித்து ஆடியும் காட்டுவான். அவன் செத்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவன் சொன்னது நிஜமா புளுகா என்று அவளுக்கு இன்னும் தெரியவில்லை.

யாதிரா இந்தக் கப்பலின் ஒரே வழிகாட்டி. அன்னையர் தினம் வருகிற வாரத்தில் ஒரு படுக்கை காலியாக இருந்தது. அம்மாவுக்காக அதைக் கேப்டனிடம் கேட்டு வாங்கினாள். கேட்டபோது ஒன்றை மட்டும் சொல்லவில்லை. பிப்ரவரியில் குவயாக்கில் நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் அம்மாவின் இதயத்தைப் பார்த்துவிட்டு, மாடிப்படிகூட ஏறக்கூடாது என்று சொல்லியிருந்தார்.

ரப்பர் படகில் இறங்கும் இடத்தில் கேப்டன் வில்தர் நின்றிருந்தார்.

“நார்சிசா அம்மா மேல வரைக்கும் ஏறிடுவாங்களா? பாதை பூரா கல்லு.”

“ஏறிடுவாங்க, கேப்டன்.”

“முகம் சரியில்லையே.”

“தூக்கமில்ல. புது இடம்.”

நார்சிசா குறுக்கே புகுந்து, தூங்காததற்குக் காரணம் விரிப்புகள்தான், இந்தக் கப்பலில் சோப்பை மிச்சம் பிடிக்கிறார்கள் என்றாள். கேப்டன் சிரித்து வழிவிட்டார். யாதிரா அம்மாவின் முழங்கையைப் பிடித்துப் படகில் இறக்கினாள். அந்தக் கை குளிர்ந்து, ஈரமாக இருந்தது.

கரையில் கடற்சிங்கங்கள் படிக்கட்டை அடைத்துப் படுத்திருந்தன. யாதிரா வழக்கம்போல விதிகளை இன்னொரு முறை சொன்னாள். விலங்குகளிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நிற்கவேண்டும். தொடக்கூடாது. அடிபட்டுக் கிடந்தாலும் உதவக்கூடாது. அதுவாக உங்கள் பக்கத்தில் வந்தால் அசையாமல் நில்லுங்கள், போகும்வரை காத்திருங்கள். வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கண் அம்மாவின் தோள்களில் இருந்தது. அவை மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கின.

பாறைகள் தொடங்கும் இடத்தில் நார்சிசா நின்றுவிட்டாள். குவென்கா நகரத்திலிருந்து வந்திருந்த அபெலார்தோ என்ற ஓய்வுபெற்ற பல் மருத்துவர் தன் கைத்தடியைக் கொடுத்தார். கழுத்தில் பெரிய காமிரா தொங்கிய அவர் நார்சிசாவின் நீலம்பாரித்த உதடுகளைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு யாதிராவைப் பார்த்தார். யாதிரா வேறு பக்கம் திரும்பினாள்.

வழிகாட்டி குழுவை விட்டுப் போக முடியாது. வழிகாட்டி இல்லாமல் குழு நடக்கவும் முடியாது. திரும்புவதென்றால் எல்லாரும் திரும்பவேண்டும். ஏனென்று கேப்டனுக்குச் சொல்லவேண்டும். யாதிரா குனிந்து அம்மாவின் காதருகே பேசினாள்.

“போதும்மா. திரும்பிடலாம்.”

“அந்தப் பறவை எங்க இருக்கு?”

“இன்னும் மேல. பாறைச் சரிவுக்குப் பக்கத்துல.”

“இவ்ளோ தூரம் வந்துட்டு மீன் வாடையை மோந்துட்டுத் திரும்பச் சொல்றியா? நான் செத்து மேல போனா உங்கப்பன் கேப்பான்டி.”

“எனக்குப் பயமா இருக்கு.”

“எனக்கு இல்லையா? நட.”

யாதிரா நடந்தாள். மெதுவாக நடப்பதற்குக் காரணங்கள் கண்டுபிடித்தாள். சிவப்பும் பச்சையுமாக வெயிலில் குவிந்துகிடந்த உடும்புகளிடம் வேண்டுமென்றே அதிகம் நின்றாள். சாதாரணமாகச் சொல்லாததையெல்லாம் சொன்னாள். பேசும்போதெல்லாம் பின்னால் கைத்தடி கல்லில் படும் சத்தத்துக்குக் காதைக் கொடுத்திருந்தாள். சத்தம் நின்றால் வாக்கியத்தை நடுவில் விட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

மேலே சமதளம் வந்தது. புதர்களுக்கிடையே அல்பட்ராஸ்கள் முட்டைமேல் உட்கார்ந்திருந்தன. நார்சிசா பாதையோரத்தில் ஒரு தட்டையான கல்லில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் கொஞ்சம் முன்னே போய் நின்றார்கள். அப்போது அவளுக்கு எதிரே, முட்டை இல்லாத இரண்டு பறவைகள் ஒன்றையொன்று பார்த்து நின்றன. தலை குனிந்தன. அலகுகள் மோதிக்கொண்டன, விறகு தட்டுகிற சத்தம். ஒன்று வாயை அகலத் திறந்து மூடிற்று. இரண்டும் கழுத்தை நீட்டி வானத்தைப் பார்த்துக் கூவின. பிறகு ஒன்று தோளை ஆட்டி ஆட்டி, கால் பின்ன நடந்தது.

நார்சிசா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். உடம்பு குலுங்கிற்று.

“புளுகு இல்லடி,” என்றாள். அப்பா சொன்னதைத்தான் சொல்கிறாள் என்று யாதிராவுக்குத் தெரிந்தது. தலையாட்டினாள். காலையிலிருந்து முதல்முறையாக அவள் நெஞ்சு இளகியது.

ஆடி நடந்த பறவை பாதைக்கு ஏறி நார்சிசாவிடம் வந்தது. அவள் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி நின்று, மஞ்சள் அலகைச் சாய்த்து அவளைப் பார்த்தது. நார்சிசா அசையவில்லை. கை மடியில் இருந்தது. யாதிரா கையை உயர்த்தினாள். குழு அப்படியே நின்றது. யாரும் நெருங்கவேண்டாம், அவர் சரியாகச் செய்கிறார், இப்படித்தான் இருக்கவேண்டும் என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். காமிராக்கள் மட்டும் கிளிக் கிளிக்கென்றன. பறவை நார்சிசாவின் ஷூ நாடாவைக் கொத்தி இழுத்தது. அப்போதும் அவள் அசையவில்லை. குழுவில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

யாதிரா இரண்டு மீட்டர் தள்ளி, கை உயர்த்தியபடியே நின்றாள். பறவை சலித்துப்போய் இறங்கிப் போனது. அதன்பிறகும் அம்மா எழுந்திருக்கவில்லை. கைத்தடி சரிந்து கல்லில் விழுந்தது.

அபெலார்தோதான் முதலில் ஓடினார். அவளைப் பாதையிலேயே படுக்கவைத்து நெஞ்சை அழுத்தினார். யாதிரா ரேடியோவில் கப்பலைக் கூப்பிட்டாள். பேச்சு சரியாக வந்தது, இடத்தின் பெயரைக்கூடத் தெளிவாகச் சொன்னாள். கேப்டன் ஆட்களோடு மேலே வந்து சேர்ந்தபோது மருத்துவர் அழுத்துவதை நிறுத்திவிட்டிருந்தார்.

ஆட்கள் கொண்டுவந்திருந்த விரிப்பில் சுற்றி நாலு பேர் தூக்கினார்கள். இறங்கும் வழியில் நீலக்கால் பறவைகள் பாதை நடுவே முட்டையிட்டு உட்கார்ந்திருந்தன, எழுந்து வழிவிடவில்லை. “சுத்திப் போங்க,” என்றார் கேப்டன். நால்வரும் விரிப்பின் மூலைகளைப் பிடித்தபடி ஒவ்வொரு கூட்டையும் சுற்றி நடந்தார்கள்.

கரையில் படகுக்குக் காத்திருந்தபோது அபெலார்தோ காமிராவோடு வந்தார். தயங்கித் தயங்கிப் பேசினார்.

“வரிசையா எடுத்திருக்கேன். மொதல்ல சிரிக்கிறாங்க. அப்புறம்... பாக்கறியாம்மா? இல்ல அழிச்சிடட்டுமா?”

யாதிரா வாங்கினாள். திரையில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அடுத்த படத்துக்கான பொத்தான் இருந்தது. விரல் அதன்மேல் நின்றது. காமிராவைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அழிக்காதீங்க,” என்றாள்.

படகில் கேப்டன் அவள் எதிரே உட்கார்ந்தார்.

“உனக்கு முன்னாடியே தெரியுமா?”

அவள் குனிந்து, காற்றில் பறந்த விரிப்பின் மூலையை உள்ளே செருகினாள்.

“ஊர்ல கேப்பாங்க. தெரியாதுன்னு சொல்லிடு. நானும் அதையே சொல்றேன்.”

கப்பலின் பின்தளத்தில் கொலோன் என்ற சமையல்காரன் தண்ணீர்க் குழாயும் பிரஷும் வைத்துக்கொண்டு நின்றான். ஒரு தீவின் மண்ணும் விதையும் இன்னொரு தீவுக்குப் போகக்கூடாது என்பதால் ஏறுகிற எல்லாருக்கும் காலணியைத் தேய்த்துக் கழுவுவது வழக்கம். எல்லாரும் ஒவ்வொருவராகக் காலைத் தூக்கிக் காட்டி ஏறினார்கள். விரிப்பு மேலே வந்ததும் அவன் குழாயைக் கீழே தாழ்த்தினான். உள்ளே, அன்றைய அன்னையர் தினத்துக்கு அவன் செய்துவைத்திருந்த கேக் மேசைமேல் இருந்தது.

யாதிரா விரிப்பின் ஓரத்தை விலக்கினாள். இடது ஷூ எளிதாகக் கழன்றது, நாடா பாதிதான் கட்டியிருந்தது. வலதை முடிச்சவிழ்த்துக் கழற்றினாள். கொலோனிடமிருந்து பிரஷை வாங்கினாள். அடிப்பாகத்தின் பள்ளங்களில் சிக்கியிருந்த மணலையும் ஒரு முள்விதையையும் நகத்தால் நோண்டி எடுத்து, கடலில் போடாமல் அதற்கான வாளியில் போட்டாள். இரண்டையும் கழுவி, வெயில் படும் இடத்தில் மற்றவர்களுடைய ஷூக்களின் வரிசையில் வைத்தாள்.

கப்பல் மாலையில் புவெர்த்தோ அயோரா திரும்பியது. துறைமுகத்தில் கேட்டார்கள். தெரியும் என்று சொன்னாள். மறுநாள் லா தொர்காசா வேறொரு வழிகாட்டியோடு கிளம்பியது.