கரிநாக்குக்காரனின் மைக்

எனக்குக் கரிநாக்கு என்று மில்வாக்கி நகரம் முழுக்கப் பேச்சு. பத்தொன்பது வருடங்களுக்கு முன் எங்கள் கூடைப்பந்து அணியின் டெரல் ஹஸ்கின்ஸ் தொடர்ந்து அறுபத்து மூன்று ஃப்ரீ த்ரோக்களை, அதாவது தடுப்பாரில்லாமல் கோட்டில் நின்று எறியும் பந்துகளை, கூடையில் போட்டிருந்தான். அடுத்ததற்காகக் கோட்டில் வந்து நின்றபோது, நான் தொலைக்காட்சி வர்ணனையில், "இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தவறலை!" என்று உளறித் தொலைத்தேன். பந்து வளையத்தில் பட்டு வெளியே போனது. கோட்டில் நிற்பவனுக்கு என் பேச்சு கேட்காது, சரி. ஆனாலும் எங்கள் தொழிலில் அதை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் போச்சு. ஒரு மாதம், ஊரே கூடும் வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்தில்கூட எனக்கு வாலும் முள்ளும்தான் வைத்தார்கள்.

அந்த அறுபத்து மூன்றுதான் போன வாரம்வரை எங்கள் அணியில் சாதனை. பதினாலு வருடம் இந்த ஊருக்காகப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிய ஆட்டக்காரன் டெரல்; கோப்பை வாங்கித் தந்தவன். முட்டி போன பிறகு வர்ணனையாளனாகி என் பக்கத்து நாற்காலிக்கு வந்தான். கோப்பையைப் பற்றி வாயே திறக்க மாட்டான். அறுபத்து மூன்றைப் பற்றி நாளுக்கு நாலு தரம் பேசுவான்.

போன சனிக்கிழமை, ஜோசையா என்ற எங்கள் புது ஆட்டக்காரனும் அறுபத்து மூன்றைத் தொட்டுவிட்டான். இன்னும் ஒன்று போட்டால் டெரலின் சாதனை காலி.

இடைவேளையில் டெரல் சாசேஜைக் கடித்துக்கொண்டே கேட்டான். "என்ன பெருசு, மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? பல்வலியா?"

"உன் பேரு இன்னிக்கு அழியப் போகுதுடா, மடையா!"

"அழிஞ்சா அழியட்டும். நீ வாயை மூடிட்டு இரு, அது போதும்."

மூடுவதா? அவனுடைய அறுபத்து நாலைக் கெடுத்த பாவி நான். இருப்பதையாவது காப்பாற்றிக் கொடுக்க வேண்டாமா? என் நாக்கு ஒரு தடவையாவது அவனுக்கு உபயோகப்படட்டும் என்று முடிவு கட்டிவிட்டேன்.

கடைசி நிமிடம். ஜோசையாவை இடித்துத் தள்ளினார்கள். நடுவர் ஊதி இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். அவன் கோட்டில் வந்து நின்றதும் நான் மைக்கில் அடிவயிற்றிலிருந்து கத்தினேன். "தொடர்ந்து அறுபத்து மூணு! இதுவரைக்கும் ஒண்ணுகூடத் தவறலை!"

என் குரல் என் காதுக்கருவியில் கேட்கவே இல்லை. குனிந்து பார்த்தேன். இருமல் வந்தால் மைக்கை அடக்க எங்கள் மேஜையில் ஆளுக்கொரு பொத்தான் உண்டு. என் பொத்தானை டெரலின் கட்டைவிரல் அழுத்திக்கொண்டிருந்தது.

பந்து வலைக்குள் இறங்கியது.

"அறுபத்து நாலு!" டெரல் நாற்காலி மேலேயே ஏறிவிட்டான், முட்டியாவது ஒன்றாவது! "பாத்தீங்களா மக்களே! என் சாதனை போச்சு! போயே போச்சு!"

அரங்கமே எழுந்து ஆடியது. அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்தேன். "பைத்தியக்காரா, உனக்காகத்தானேடா கத்தினேன்!"

என் பொத்தானை மறுபடி அமுக்கினான், தன்னுடையதையும் சேர்த்து. கண் கலங்கியிருந்தது, வாய் கொள்ளாத சிரிப்பு. "தெரியும்யா. ஆனா அந்தப் பந்து உள்ள போனா எப்படி இருக்கும்னு பத்தொம்போது வருஷமா பாக்கணும்னு இருந்தேன்."

இந்தத் தடவை என் பொத்தானை நானே அமுக்கிக்கொண்டேன். ஜோசையாவின் இரண்டாவது பந்தும் உள்ளே போனது; அந்த அறுபத்து ஐந்தை டெரலேதான் ஊருக்குச் சொன்னான்.